வெளிநாட்டுக்குப் போகாத வெடியும் வெளிநாட்டிலிருந்து வரும் அடியும்



சாத்தூர் பக்கத்துக் காலனி ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் படிப்பு வட்டம் நடத்திவருகிறோம். கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். அங்கன்வாடிக் கட்டடத்தின் திண்ணைதான் எங்கள் வகுப்பறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உலகப் பொருளாதார நெருக்கடி பற்றிப் பேசலாம் என்று முடிவானது. 2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது என்று நாங்கள் ஆரம்பித்த உடனேயே ஒரு தங்கை கையைத் தூக்கினாள்.

"அண்ணே, எங்க வீட்ல யாருக்கும் ஷேர் கிடையாது. பேங்குல கெடக்குறதே கேஸ் மானியம்தான். அங்கன பேங்கு திவாலானா எங்கம்மாவுக்கு என்ன வந்துச்சு?"

அவள் அம்மா இருபது வருடமாகப் பயர் ஆபீஸுக்குப் போகிறார். அதற்கு முன்னால் தீப்பெட்டி ஆபீஸ். வெளியூர்த் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் பக்கத்தில் பட்டாசு ஆலையை யாரும் ஆலை என்று சொல்வதில்லை, ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். காலையில் வேன் வரும், அம்மாக்கள் தூக்குவாளியோடு "ஆபீஸுக்கு" ஏறிப்போவார்கள்.

அன்றைக்கு நாங்கள் சொன்ன பதில் சரியில்லை. உலகமயம், ஏகாதிபத்தியம், நிதி மூலதனம் என்று ஏதேதோ சொன்னோம். அந்தத் தங்கை மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்கு நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். அவள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. திருப்பூர் பனியன் அமெரிக்கக் கடைக்குப் போகிறது. அங்கே ஆள் வாங்கவில்லை என்றால் இங்கே தறி நிற்கும், அது யாருக்கும் புரியும். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது அதைத்தான் பார்த்தோம். ஆனால் சிவகாசிப் பட்டாசு வெளிநாட்டுக்குப் போவதில்லை. வெடிபொருளைக் கப்பலில் ஏற்றுவதற்கு ஆயிரம் தடை இருக்கிறது. ஏற்றுமதி என்பது பெயருக்குத்தான். விருதுநகர் மாவட்டத்தின் ஆயிரத்துச் சொச்சம் ஆலைகளில் செய்வதெல்லாம் டெல்லியிலும் மும்பையிலும் பாட்னாவிலும் நம்மூர்த் தெருவிலும் வெடித்துத் தீர்கிறது. அப்படியிருக்க அமெரிக்காவில் வங்கி திவாலானால் வெம்பக்கோட்டையில் கூலி ஏன் குறைய வேண்டும்?

அதற்கு வெடிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கந்தகம் இருக்கிறது. இன்று உலகத்தில் கிடைக்கும் கந்தகத்தில் பெரும்பகுதி கச்சா எண்ணெயையும் இயற்கை வாயுவையும் சுத்திகரிக்கும்போது கழிவாக வந்து விழுவது. அதனால் அதன் விலை நம் கையில் இல்லை. 2008 நடுவில் ஒரு டன் கந்தகம் உலகச் சந்தையில் 800 டாலர் வரைக்கும் போனது. அதே வருடம் முடிவதற்குள் 100 டாலருக்கும் கீழே விழுந்தது. வெடியுப்பு இருக்கிறது. அதற்கு வேண்டிய பொட்டாஷ் சுரங்கம் இந்தியாவில் இல்லை, எல்லாம் இறக்குமதி. அலுமினியப் பவுடர் இருக்கிறது, கம்பி மத்தாப்பின் வெள்ளை வெளிச்சம் அதுதான். அலுமினியத்தை ஒடிசாவிலேயே உருக்கினாலும் விலையை லண்டன் உலோகச் சந்தைதான் சொல்கிறது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. மார்ச் முதல் வாரத்தில் ஒரு டன் அலுமினியம் 4,000 டாலரைத் தொட்டது, அதற்குமுன் வரலாற்றில் காணாத விலை. குழாய் உருட்டுவதற்குக் காகிதம் இருக்கிறது. தீப்பெட்டிக்கு வந்தால் குச்சியில் மெழுகு இருக்கிறது, அதுவும் கச்சா எண்ணெயின் பிள்ளைதான். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கிறது.

இத்தனைக்கும் மேலே டாலர் இருக்கிறது. 2008 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 40 ரூபாய்கூடக் கொடுக்கவில்லை, வருடக் கடைசியில் 50. 2013 மே மாதத்தில் 55 ரூபாய்க்குள் இருந்தது, அமெரிக்க மத்திய வங்கி பணம் அச்சிடுவதைக் குறைக்கப்போகிறேன் என்று வாயால் சொன்னதற்கே ஆகஸ்ட் இறுதியில் 68 ஆனது. 2022 தொடக்கத்தில் 74, அக்டோபரில் 82க்கு மேல். 2025 டிசம்பரில் 90ஐயும் தாண்டிவிட்டது.

ஆக, வெடி வெளிநாட்டுக்குப் போகவில்லை. வெளிநாடுதான் வெடிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இது வரைக்கும் முதலாளிகளும் இதையேதான் சொல்வார்கள். மூலப்பொருள் ஏறிப்போச்சு, கட்டுபடியாகவில்லை என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறார்கள். பல வருடங்களில் அது உண்மையும்கூட. இனி வருவதுதான் நம் கேள்வி. ஏறிய விலையை யார் சுமக்கிறார்கள்?

கந்தகம் விற்பவன் சுமக்க மாட்டான், ரொக்கம் கொடுத்தால்தான் சரக்கு. வடநாட்டு மொத்த வியாபாரி சுமக்க மாட்டார், அவர் கடனுக்குச் சரக்கு எடுத்துத் தீபாவளி முடிந்துதான் பணம் அனுப்புகிறார், விலையை ஏற்றினால் இன்னொரு கம்பெனிக்குப் போய்விடுவார். வங்கி சுமக்காது. மின்சார வாரியம் சுமக்காது. கடைசியில் பேரம் பேசக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். குரோஸ் கணக்கிலும் கட்டுக் கணக்கிலும் துண்டு வேலை செய்கிற பெண்ணின் கூலி.

அந்தக் கூலியைக் குறைக்கிறேன் என்று யாரும் அறிவிப்பதில்லை. அதுதான் இதில் இருக்கிற சாமர்த்தியம். விலைவாசி ஏறிக்கொண்டிருக்கும்போது ரேட்டை அப்படியே வைத்திருந்தால் போதும், குறைத்ததாகத்தான் அர்த்தம். இல்லையென்றால் ரகத்தை மாற்றிவிடுவார்கள். போன வருடம் செய்த வெடிக்கு ஒரு ரேட், இந்த வருடம் குழாய் கொஞ்சம் சின்னது, பெயர் வேறு, படம் வேறு, ரேட்டும் வேறு. "அது பழைய ரகம்மா, இது புது ரகம்" என்று போர்மேன் சொன்னால் பேச்சு முடிந்தது. ஆறு நாள் வேலையை நாலு நாளாக்குவார்கள், ஆனால் நாலு நாளில் ஆறு நாள் சரக்கை எடுப்பார்கள்.

தீப்பெட்டியில் இதைவிடத் தெளிவாகப் பார்க்கலாம். 2007இல் ஒரு தீப்பெட்டி 50 காசிலிருந்து 1 ரூபாய் ஆனது. மறுபடியும் விலை ஏறியது 2021 டிசம்பர் 1 அன்று, 2 ரூபாயாக. நடுவில் 14 வருடம். இந்த 14 வருடத்தில் 2008 நெருக்கடி வந்தது, 2013 வந்தது, 2016 நவம்பர் 8 பணமதிப்பிழப்பு வந்தது, 2017 ஜி.எஸ்.டி வந்தது, கொரோனா வந்தது. பொது விலைவாசி இரண்டரை மடங்கு ஆனது. தீப்பெட்டி மட்டும் அசையவில்லை. இந்தியா முழுக்கப் பெட்டிக்கடையில் ஒரு ரூபாய்க்குத் தீப்பெட்டி வாங்கினோம், டீக்கடையில் மீதிச் சில்லறைக்குப் பதிலாகத் தீப்பெட்டி வாங்கிக்கொண்டோம். அந்த ஒரு ரூபாயை 14 வருடம் தாங்கிப்பிடித்தது யார்? இயந்திரம் கொஞ்சம் தாங்கியது. மீதியைக் கட்டை அடுக்கிய, பெட்டி ஒட்டிய பெண்கள் தாங்கினார்கள். 2021இல் விலை ஏற்றம் அறிவித்தபோது உற்பத்தியாளர்கள் கணக்குச் சொன்னார்கள்: சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ஆகிவிட்டது, மெழுகு 58லிருந்து 80 ஆகிவிட்டது, அட்டை இவ்வளவு ஆகிவிட்டது என்று. எல்லாம் பத்திரிகையில் வந்தது. தமிழ்நாட்டில் நேரடியாகவும் மறைமுகமாகவும் நாலு லட்சம் பேர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள், பத்தில் ஒன்பது பேர் பெண்கள் என்பதும் வந்தது. அட்டையின் விலை எவ்வளவு ஏறியது என்று தெரிந்த நாட்டுக்கு, அந்த அட்டையை ஒட்டுகிறவளின் கூலி 14 வருடத்தில் எவ்வளவு ஏறியது என்று தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை. ஆட்கள் நூறு நாள் வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்று குறைபட்டுக்கொண்டதுதான் மிச்சம். ஏன் போகிறார்கள் என்பதற்கான பதில் அந்தக் குறையிலேயே இருக்கிறது.

இங்கே ஒரு நூறு வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. சிவகாசி என்கிற தொழில் நகரமே உலக நெருக்கடிகள் பெற்ற பிள்ளை என்பது பாடப்புத்தகத்தில் இருக்காது.

முதல் உலகப்போர் முடிந்த கையோடு பிரிட்டிஷ் இந்திய அரசின் கஜானா காலி. வருமானத்துக்காக 1922இல் இறக்குமதித் தீப்பெட்டிமீது வரியை ஏற்றினார்கள். அதுவரை இந்தியா பற்றவைத்தது ஸ்வீடன், ஜப்பான் தீப்பெட்டிகளைத்தான். வரி ஏறியதும் உள்ளூரில் செய்தால் லாபம் என்றாயிற்று. அந்தச் சமயத்தில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அதே வரியைத் தாண்டுவதற்காக ஸ்வீடன் கம்பெனியும் 1923இல் விம்கோ என்ற பெயரில் இந்தியாவுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. அந்த ஸ்வீடன் கம்பெனியின் முதலாளி ஐவர் குரூகர் உலகத்தின் தீப்பெட்டி ராஜா, அரசாங்கங்களுக்கே கடன் கொடுத்துத் தீப்பெட்டி ஏகபோகம் வாங்கியவர். 1929இல் தொடங்கிய பெருமந்தம் அவரையும் விழுங்கியது. 1932 மார்ச் 12 அன்று பாரீஸில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார், அவருடைய கடன் கோபுரமும் சரிந்தது. மந்தத்தில் சுங்க வருமானம் விழுந்த பிரிட்டிஷ் இந்திய அரசு 1934இல் உள்நாட்டுத் தீப்பெட்டிமீதும் கலால் வரி போட்டது. பிறகு இரண்டாம் உலகப்போர். வெளிநாட்டுப் பட்டாசு வருவது நின்றது, அந்த வெற்றிடத்தில் சிவகாசிப் பட்டாசு எழுந்தது.

சிவகாசியின் இந்தக் கதையைக் குட்டி ஜப்பான் என்று பெருமையாகச் சொல்வார்கள். பெருமையில் பாதி நியாயம்தான். 1899இல் சிவகாசியில் கோயில் நுழைவுக்காக அடிபட்ட, வீடு கொளுத்தப்பட்ட சமூகம் நாடார் சமூகம். முப்பது நாற்பது வருடத்தில் அது தொழிலில் நிமிர்ந்தது. அதற்குப் பின்னால் மகமை இருந்தது. ஒவ்வொரு வியாபாரியும் தன் சரக்கில் இத்தனை என்று உறவின்முறைக்குக் கொடுத்த சிறு பணம் பள்ளிக்கூடமாகவும் கடனாகவும் கைதூக்கியாகவும் மாறியது. ஒடுக்கப்பட்ட ஒரு சமூகம் தனக்குத்தானே ஒரு மத்திய வங்கி வைத்துக்கொண்டது என்றே சொல்லலாம். அதை மதிக்கிறோம், கற்றுக்கொள்ளவும் செய்ய வேண்டும். ஆனால் அந்த மகமையின் சுவர் எங்கே நின்றது என்பதையும் பார்க்கிறோம். அது காலனிக்கு வரவில்லை. நம் தாத்தா பாட்டிகளிடம் மகமை எடுக்கச் சரக்கு இல்லை, சந்தை இல்லை, நிலம் இல்லை. வானம் பார்த்த பூமியில் கரிசல்காட்டுக் கூலியாக இருந்தவர்கள், மழை பொய்த்த வருடத்தில் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் நின்றார்கள். அதே உலக நெருக்கடி ஒருவருக்கு வாய்ப்பாகவும் இன்னொருவருக்கு வரிசையில் நிற்கும் இடமாகவும் வந்தது. இடையில் இருந்த வித்தியாசம் திறமை அல்ல, சேமிப்பு. சேமிப்பு யாருக்கு அனுமதிக்கப்பட்டது என்பதைச் சாதிதான் தீர்மானித்தது.

பெருமந்தத்தின்போது மலேயா ரப்பர் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ரப்பர் விலை விழுந்தது. 1930 முதல் இரண்டு மூன்று வருடத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான தோட்டத் தொழிலாளர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் வந்து இறங்கிய கிராமத்தில் நெல் விலை விழுந்து கிடந்தது. 1931இல் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டது, பவுனின் விலை ஏறியது, இந்தியக் கிராமங்களிலிருந்து கடனுக்காகக் கழற்றப்பட்ட தாலியும் தோடும் உருகி லண்டனுக்குப் போயின. நெருக்கடித் தங்கம் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

சிவகாசிக்காரர்கள் தீப்பெட்டி கற்றுவந்த அந்த 1923ஆம் வருடத்தில்தான் லண்டனில் அண்ணல் அம்பேத்கரின் 'ரூபாயின் பிரச்சினை' புத்தகம் வெளிவந்தது. நாம் அம்பேத்கரின் சாதி ஒழிப்பைப் படிக்கிறோம், புத்தரும் தம்மமும் படிக்கிறோம், இந்தப் புத்தகத்தை மட்டும் பொருளாதாரத் துறைக்கு விட்டுவிட்டோம். நமக்கு இதில் வேண்டிய விஷயம் இருக்கிறது. பின்னால் 1925–26இல் நாணயக் கமிஷன் வந்தபோது பம்பாய் முதலாளிகள் ரூபாயின் மதிப்பைக் குறைக்கச் சொன்னார்கள், ஏற்றுமதி வளரும், நாட்டுக்கு லாபம் என்றார்கள். அம்பேத்கர் அந்த 'நாடு' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தார். ரூபாய் விழுந்தால் விலை ஏறும், கூலி அதே வேகத்தில் ஏறாது. அப்போது முதலாளிக்குக் கூடுதலாகக் கிடைப்பது அயல்நாட்டான் கொடுத்ததல்ல, சொந்த நாட்டு உழைப்பாளியிடமிருந்து போனது என்பது அவர் வாதம். நூறு வருடம் கழித்து 80, 85, 90 என்று டாலர் ஏறும்போது தொலைக்காட்சியில் உட்கார்ந்து ஏற்றுமதிக்கு நல்லது என்று சொல்கிறவர்களிடம் இன்னும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, கூலி நிற்கிறது, விலை ஏறுகிறது. அந்த இடைவெளியை வீட்டில் எப்படி நிரப்புகிறார்கள்? முதலில் ஆபீஸில் அட்வான்ஸ். அட்வான்ஸ் வாங்கினால் வேறு ஆபீஸுக்குப் போக முடியாது, ரேட் பேச முடியாது. அடுத்தது குழு லோன். திங்கள் ஒரு கம்பெனி, புதன் ஒரு கம்பெனி, வெள்ளி ஒரு கம்பெனி. வாரக் கட்டு வசூலிக்கும் தம்பி மரத்தடியில் உட்கார்ந்தால் பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார வேண்டும், ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரும் எழுந்துபோக முடியாது. கடன் கொடுத்தவன் செய்ய வேண்டிய மிரட்டலைப் பக்கத்து வீட்டுக்காரியே செய்யும்படி வைத்திருக்கிறார்கள். பிறகு நகை. உலகத்தில் எங்கே போர் என்றாலும் மந்தம் என்றாலும் பணக்காரர்கள் தங்கத்துக்கு ஓடுகிறார்கள், பவுன் விலை ஏறுகிறது. 2025 அக்டோபரில் ஒரு பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியது. நம் வீட்டு அரைப்பவுன் தோடு அப்போது அடகுக் கடையில் இருந்தது. விலை ஏறியதால் அதே தோட்டின்மேல் இன்னும் கொஞ்சம் கடன் கூடுதலாகக் கொடுத்தார்கள், அதையும் வாங்கினோம். கடன் கூடியது, தோடு திரும்பி வரும் நாள் இன்னும் தள்ளிப்போனது. 1931க்கும் இதற்கும் கப்பல் ஒன்றுதான் வித்தியாசம்.

கடனும் தீர்ந்த இடத்தில் பிள்ளை படிப்பை நிறுத்துகிறது. எண்பதுகளில் சிவகாசி என்றாலே உலகம் முழுக்கக் குழந்தைத் தொழிலாளர் என்றுதான் பேச்சு. 1996 டிசம்பர் 10 அன்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பெரிய மாற்றம் வந்தது, மறுக்கவில்லை. ஆலைக்குள் இன்று சின்னப் பிள்ளைகள் இல்லை. ஆனால் விடுமுறையில் ஃபீஸ் கட்டுவதற்காக ஆபீஸுக்குப் போகிற கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இதைப் படிக்கிறவர்களிலேயே சிலர் போயிருப்பீர்கள்.

எழுதக் கஷ்டமான பகுதி ஒன்று மிச்சமிருக்கிறது.

நெருக்கடி வருடங்களில் சின்ன லைசென்ஸ்தாரர்கள் தாங்க மாட்டார்கள். ஆலையை நடத்த முடியாதவர் மூடுவதில்லை, அறை அறையாகக் குத்தகைக்கு விடுகிறார். சட்டப்படி அது கூடாது. ஆனால் நடக்கிறது. குத்தகை எடுத்தவர் வாடகையை முதலில் கொடுத்துவிடுகிறார், லாபம் பார்க்க அவருக்கு ஒரே வழி அதிகச் சரக்கு, சீக்கிரம். நாலு பேர் மட்டும் இருக்க வேண்டிய அறையில் கூடுதல் ஆள் உட்காருகிறார்கள். இடமில்லாவிட்டால் மரத்தடியில் உட்காருகிறார்கள். அனுமதித்த அளவுக்குமேல் மருந்து கலக்கிறார்கள். துண்டு வேலைக்காரருக்கும் அவசரம், வாரக் கட்டு வெள்ளிக்கிழமை. மருந்து செலுத்தும் கை வேகமாகிறது. மறுநாள் பேப்பரில் "உராய்வினால் வெடிவிபத்து" என்று வருகிறது. எதற்கும் எதற்கும் உராய்வு என்று எழுதுவதில்லை.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி, 38 பேர். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம், இருபதுக்கும் மேற்பட்டோர். இரண்டாவதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அதற்கு முந்தைய வருடம் கொரோனா. மார்ச் கடைசியிலிருந்து ஆலைகள் மூடல். தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் ராஜஸ்தான், ஒடிசா என்று மாநிலம் மாநிலமாகப் பட்டாசுக்குத் தடை, நவம்பர் 9இல் டெல்லி வட்டாரத்துக்குப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தடை. விற்காத சரக்கு, வராத பாக்கி, ஏறிக்கொண்டிருந்த மூலப்பொருள் விலை. அடுத்த பிப்ரவரியில் வெடித்த ஆலை பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது விசாரணையில் வெளிவந்தது. இறந்தவர்களில் கல்லூரி மாணவி ஒருவர் இருந்தார். கர்ப்பிணி ஒருவர் இருந்தார். கொரோனாதான் வெடிக்கவைத்தது என்று நாங்கள் சொல்லவில்லை. விதியை மீறியவர்கள் குற்றவாளிகள், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் விதிமீறல் எந்த வருடங்களில் அதிகம் லாபகரமாகிறது என்று கேட்காமல் ஆய்வாளரை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் பட்டியல் நீண்டுகொண்டேதான் போகும். நீண்டிருக்கிறது: 2023 அக்டோபர், 2024 பிப்ரவரி, 2024 மே, 2025 ஜூலை.

இறந்தவர் பட்டியலில் எல்லாச் சாதியும் உண்டு. மருந்துக்குச் சாதி தெரியாது. இதை நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேர்ந்து நிற்க வேண்டியவர்கள் அவர்கள். ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்கவும் முடியாது. ஆலை மூடிய மாதங்களில் ஒன்றிரண்டு ஏக்கர் உள்ளவர் ஆடு மாடு, மல்லி, கம்பு என்று ஏதோ செய்வார். சொந்தக்காரர் கடையில் நிற்பார். காலனிக்காரருக்கு அந்த இரண்டாவது வாசல் கிடையாது. 2018 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து முதலாளிகள் மாதக்கணக்கில் ஆலைகளை மூடினார்களே, அப்போது இதைக் கண்ணால் பார்த்தோம். நூறு நாள் வேலைதான் ஒரே கைப்பிடியாக இருந்தது. அந்தக் கைப்பிடிக்கும் கூலி பாக்கி இருந்தது. தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 4,034 கோடி ரூபாயைக் கேட்டு 2025இல் நாடாளுமன்ற வாசலில் நின்றார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். இலங்கை மலையகத் தோட்டங்களில் பல வருடம் போராடி 2021இல் ஒரு நாள் கூலி 1,000 ரூபாய் ஆனது. அன்றைக்கு அது சுமார் 5 டாலர். 2022 ஏப்ரலில் இலங்கை கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது, மே மாதத்தில் டாலர் 360 ரூபாய். அதே 1,000 ரூபாய் 3 டாலருக்கும் கீழே போனது, உணவு விலை ஒரே வருடத்தில் ஏறத்தாழ இரட்டிப்பானது. காலிமுகத்திடலில் கூடாரம் போட்டவர்களை உலகம் பார்த்தது. லயத்தில் ரொட்டியைப் பாதியாகப் பிய்த்தவர்களைக் கொஞ்சப் பேர்தான் பார்த்தார்கள். அந்தத் தோட்டத்து மக்களில் பெரும்பகுதி நம் ஊர்களிலிருந்து, நம் சேரிகளிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள்.

இடதுசாரி நண்பர்கள் இதைக் கேட்டால் வர்க்கம் என்பார்கள். நம் தோழர்களில் சிலர் டாலரும் கந்தகமும் நம் பிரச்சினை அல்ல, சாதியைப் பேசுங்கள் என்பார்கள். இரண்டு பேரிடமும் எங்களுக்குச் சண்டை உண்டு. லண்டனில் ஏறும் விலை வெம்பக்கோட்டைக்கு நேராக வருவதில்லை. ஒவ்வொரு படியிலும் மேலே இருப்பவர் கீழே தள்ளித்தான் வருகிறது. அந்தப் படிகளைக் கட்டியது சாதி.

அப்படியென்றால் கேட்க வேண்டியது என்ன? தமிழில் ஒரு அருமையான சொல் இருக்கிறது, பஞ்சப்படி. அரசு ஊழியருக்கு விலைவாசி ஏற ஏற வருடத்துக்கு இரண்டு முறை ஏறுகிறது. பஞ்சம் வந்தால் படி என்பதுதான் அதன் அர்த்தம். பஞ்சத்தைப் பார்த்தே இராத அலுவலகங்களில் அது ஒழுங்காக வருகிறது. 1948ஆம் வருடத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே துண்டு வேலைக்கும் குறைந்தபட்ச விகிதம் வைக்கலாம் என்றது. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் தமிழக அரசு கூலியும் பஞ்சப்படியும் அறிவிக்கத்தான் செய்கிறது. அது குரோஸ் ரேட்டாக மாறி ஆபீஸ் சுவரில் ஒட்டப்படுவதில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு ரகத்துக்கும் ரேட் எழுதி ஒட்ட வேண்டும், விலைவாசி எண்ணோடு அது ஏற வேண்டும், ரகம் மாறினால் ரேட்டைத் தொழிலாளர் முன்னிலையில் பேச வேண்டும். மூலப்பொருள் ஏறியதாகச் சொன்னால் பில்லைக் காட்ட வேண்டும். 2008 கடைசியில் கந்தகம் 800 டாலரிலிருந்து 100க்கு விழுந்ததே, அந்த வருடம் எந்த ஆபீஸிலும் "மூலப்பொருள் இறங்கிவிட்டது, ரேட்டைக் கூட்டுகிறோம்" என்று சொன்னதாக எங்களிடம் இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

கையெழுத்து இயக்கம் நடத்தலாம் என்று ஒரு தம்பி சொன்னான். நடத்தலாம். அதற்கு முன்னால் நம் கையில் கணக்கு வேண்டும்.

கேள்வி கேட்ட அந்தத் தங்கை இரண்டு வாரம் கழித்து அம்மாவின் ஆபீஸ் நோட்டைக் கொண்டுவந்தாள். முனை மடங்கிய நாற்பது பக்க நோட்டு. தேதி இருந்தது, எத்தனை குரோஸ் என்று இருந்தது, அட்வான்ஸில் பிடித்தது இருந்தது, மிச்சம் இருந்தது. ரேட் என்று ஒரு பத்தியே இல்லை. "அது போர்மேன் வாயால சொல்றதுண்ணே" என்றாள். இப்போது ஐந்து காலனிகளில் பன்னிரண்டு நோட்டுகளில் அந்தப் பத்தியைப் பேனாவால் கோடு போட்டுச் சேர்த்திருக்கிறோம். அம்மாக்கள் சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியதும் பிள்ளைகள் கேட்டு எழுதுகிறார்கள். திருத்தங்கல், ஏழாயிரம்பண்ணை, தாயில்பட்டி பக்கத்து மாணவர்கள் யாராவது உங்கள் வீட்டிலும் தொடங்குகிறீர்கள் என்றால், ரகத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ரகம் மாறுகிற வாரம்தான் ரேட்டும் மாறுகிறது.